மீடியா வேலையில விசுவாசம்: நீங்க கேட்டதுக்கு என் பதில்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் வீடியோ எடிட்டர், சொந்த ஊர் நாசரேத் பக்கம், சென்னைக்கு வந்து 19 வருஷம் ஆச்சு. முதல் 11 வருஷம் நியூஸ், அதுக்கப்புறம் சீரியல், இப்போ வெப் சீரிஸும் பண்றேன். வாலிபர் கூடுகைல பேசினதுக்கு அப்புறம் நிறைய பேர் கேள்வி அனுப்பியிருந்தீங்க, தனித்தனியா பதில் போட முடியல, அதான் சேர்த்து சொல்லிடறேன். நான் போதகர் இல்ல, வேலை பாத்த இடத்துல பட்டு கத்துக்கிட்டத சொல்றேன்.

கேள்வி: அக்கா, உதவி இயக்குனரா சேர்ந்து 4 மாசம்தான் ஆகுது. பட பூஜை அன்னைக்கு சூடம் தட்டு என் முன்னாடி வந்துச்சு, என்ன பண்றதுன்னே தெரியாம முழிச்சேன். பிரசாதம் குடுத்தா சாப்பிடலாமா?

தம்பி, நான் பூஜைக்கு போவேன், ஓரமா நிப்பேன், தட்டு வந்தா கைகூப்பி லேசா தலைய அசைச்சு பக்கத்துல இருக்கவருக்கு வழி விட்ருவேன், அவ்வளவுதான். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கோவிச்சுக்கிட்டதில்ல. யூனிட்ல முஸ்லிம் லைட்மேன் இருக்கார், சாமியே இல்லன்னு சொல்ற ஆர்ட் அசிஸ்டன்ட் இருக்கார், அவங்கவங்க அவங்கவங்க மாதிரி நிக்கறாங்க. கோவம் எப்போ வரும்னா நாம மூஞ்சிய சுளிக்கும்போது, இல்ல எல்லாரும் கும்பிடற நேரத்துல வெளில நின்னு போன நோண்டும்போது. அந்த கேமராதான் அவங்களுக்கு சோறு போடுது, அதுக்கு மரியாதை பண்றாங்க, நாம அத மதிக்கலாம், கும்பிடணும்னு இல்ல.

பிரசாதம் பத்தி பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 10ம் அதிகாரம் படி. கடைல விக்கறத கேள்வி கேக்காம சாப்பிடு, ஆனா இது படைச்சதுன்னு ஒருத்தர் சொன்னா அவருக்காக சாப்பிடாதன்னு இருக்கு. நான் சாப்பிடறதில்ல. ஆயுத பூஜை பொரி வாங்கி சாப்பிடற கத்தோலிக்க கேமராமேன் ஒருத்தர் கூட 5 வருஷம் வேலை பாத்தேன், அவர் விசுவாசம் என்னோடத விட குறைச்சல்னு சொல்ல எனக்கு வாய் வராது. ரோமர் 14 இந்த மாதிரி விஷயத்துக்குதான் எழுதியிருக்கு.

ஒண்ணு மட்டும் செய், கோ டைரக்டர்கிட்ட இப்பவே ரெண்டு வார்த்தைல சொல்லி வெச்சுரு. பூசணிக்காய் உடைக்கிற அன்னைக்கு கும்பல் நடுவுல நின்னு விளக்கம் சொல்றது ரொம்ப கஷ்டம்.

கேள்வி: நியூஸ் சேனல்ல அவுட்புட் டெஸ்க்ல, அதாவது செய்திய ஒளிபரப்புக்கு தயார் பண்ற இடத்துல இருக்கேன். தலைப்பும் தம்ப்நெயிலும் பாதி பொய். வேலைய விடவும் முடியல, லோன் ஓடுது. என்ன பண்றது சிஸ்டர்?

வந்ததுலயே முக்கியமான கேள்வி இதுதான் பிரதர். நம்ம பசங்க பத்து பேர்ல எட்டு பேர் குங்குமம், தேங்காய் பத்திதான் கேக்கறாங்க, ஆனா மீடியால விசுவாசம் நிஜமா சோதிக்கப்படறது எடிட் பண்ற டைம்லைன்லயும் டிவி அடில ஓடற ஸ்க்ரோல்லயும்தான்.

என் கதையவே சொல்றேன். நியூஸ்ல இருந்தப்போ ஒரு மீனவ குடும்பம், தம்பி கடலுக்கு போய் திரும்பல. அண்ணன்காரர் பைட் (கேமரா முன்னாடி பேசின துண்டு) வந்துச்சு, "அதிகாரிங்க லேட்டாதான் வந்தாங்க, ஆனா வந்ததுக்கப்புறம் விடிய விடிய எங்க கூடவே நின்னாங்க"ன்னு சொல்லியிருந்தார். டெஸ்க்ல இருந்து "லேட்டாதான் வந்தாங்க"வோட வெட்டிருன்னு சொன்னாங்க. வெட்டினேன். ப்ளே பண்ணி பாத்தா "ஆனா"வோட முதல் "ஆ" லேசா கேக்குது, ஒரு செகண்டுக்கு 25 ஃப்ரேம், அதுல ரெண்டு ஃப்ரேம் முன்னாடி தள்ளி அந்த சத்தத்தையும் எடுத்துட்டேன். சுத்தமான கட். நைட் முழுக்க ஓடுச்சு. மறுநாள் அவர் ரிப்போர்ட்டருக்கு போன் பண்ணி "என் தம்பிய தேடி கூடவே வந்தவர் மூஞ்சில நான் எப்படிங்க முழிப்பேன்"னு அழுதிருக்கார். பிறனுக்கு விரோதமா பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு சண்டே ஸ்கூல்ல மனப்பாடமா ஒப்பிச்சவ நான். அத மீற ஒரு பொய் கூட பேச வேண்டியிருக்கல, ரெண்டு ஃப்ரேம் போதும்னு அன்னைக்குதான் தெரிஞ்சுச்சு.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு கோடு போட்டுக்கிட்டேன், ஒருத்தர் சொல்லாத அர்த்தம் வர்ற மாதிரி வெட்ட மாட்டேன். இத டெஸ்க்ல எப்படி சொல்றதுங்கறதுதான் விஷயம். "இது பாவம் சார்"னு ஆரம்பிச்சா அங்கயே பேச்சு முடிஞ்சுரும். அதே காரத்தோட உண்மையான தலைப்பு ஒண்ணு கைல வெச்சுக்கிட்டு போங்க, "சார் இது போட்டா நாளைக்கு மறுப்பு வரும், இப்படி போட்டா யாரும் கை வைக்க முடியாது"ன்னு சொல்லுங்க. எனக்கு பாதிக்கு மேல ஒத்துக்கிட்டாங்க. ஒத்துக்காத அன்னைக்கு "இத வேற யாருக்காவது குடுங்க"ன்னு கேட்டேன், ரெண்டு தடவ நைட் ஷிஃப்ட்டுக்கு தூக்கி போட்டாங்க, போட்டும்.

சில இடத்துல சட்டமே நம்ம பக்கம் இருக்கு. ஒரு வழக்குல பாதிக்கப்பட்ட குழந்தையோ, சிக்கின சிறுவனோ யாரா இருந்தாலும் பேர், போட்டோ, ஸ்கூல் எதையும் காட்டக்கூடாது, 2015 சிறார் நீதிச் சட்டம் 74ம் பிரிவு. பாலியல் வழக்குல பாதிக்கப்பட்ட பொண்ணோட அடையாளத்துக்கும் அப்படித்தான், முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 228ஏ, இப்போ 2024 ஜூலைல இருந்து அதுக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 72. அப்பா அம்மா மூஞ்சிய காட்டினா குழந்தை யாருன்னு ஊருக்கே தெரிஞ்சுரும், அதையும் மறைங்க. இதுக்காக சண்டை போட்டா யாரும் உங்கள மதவெறின்னு சொல்ல முடியாது.

தம்ப்நெயில்ல கடைசில ஒரு கேள்விக்குறி போட்டுட்டா பொய் இல்லன்னு ஆகிடாது, அத மட்டும் மறந்துராதீங்க.

கேள்வி: பிரஸ் மீட் முடிஞ்சதும் கவர் குடுக்கறாங்க. எல்லாரும் வாங்கறாங்க, வாங்கலன்னா நம்மள ஒரு மாதிரி பாக்கறாங்க.

வாங்காதீங்க. சாப்பாடு சாப்பிடுங்க, டைரி பேனா குடுத்தா வாங்கிக்கோங்க, பணம் வேண்டாம். வாங்கறவங்கள பத்தி ஆபீஸ்ல போய் பேசவும் வேண்டாம், நிறைய சின்ன ஊர் நிருபர்களுக்கு சம்பளமே ஒழுங்கா வர்றதில்ல, அது தனி அநியாயம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங். மாசத்துல ஒரு ஆராதனைக்கு கூட போக முடியல, சபைல பின்மாற்றக்காரன், அதாவது விசுவாசத்த விட்டு விலகினவன்னு சொல்றாங்க.

ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாச்சுன்னு இயேசுவே சொல்லியிருக்கார். நர்ஸ் வேலை பாக்கற அக்காவ யாரும் பின்மாற்றம்னு சொல்றதில்ல பாருங்க. நான் சனிக்கிழமை சாயங்கால ஆராதனை இருக்கற சபைய தேடி கண்டுபிடிச்சேன், வடபழனில நாங்க 6 பேர் வியாழக்கிழமை நைட் ஒரு டப்பிங் ஸ்டுடியோல கூடி ஜெபிக்கறோம். தனியா மட்டும் இருக்காதீங்க, நான் அப்படி ரெண்டு வருஷம் இருந்தேன், வேதம் திறக்கறதே நின்னு போச்சு.

கேள்வி: அக்கா, நடிக்க வாய்ப்பு தேடறேன். "அட்ஜஸ்ட்மென்ட்"னு ஒருத்தர் நேராவே கேட்டார். வீட்ல சொன்னா நடிப்பே வேண்டாம்னு நிறுத்திருவாங்க, சபைல சொன்னா "அந்த ஃபீல்டுக்கு ஏன் போன"ன்னு கேப்பாங்க.

தங்கச்சி, முதல்ல ஒண்ணு, தப்பு உன் மேல இல்ல. இத ரெண்டு தடவ படி.

அந்த மெசேஜ், கால் டீடெயில் எதையும் அழிக்காத. தேதி, இடம், என்ன வார்த்தை சொன்னார்னு இன்னைக்கே ஒரு நோட்டுல எழுதி வை. வேலை இடத்துல பொண்ணுங்களுக்கு நடக்கற பாலியல் தொல்லைய தடுக்கற 2013 சட்டப்படி 10 பேர் இல்ல அதுக்கு மேல வேலை செய்யற எந்த இடத்துலயும் உள்ளக புகார் குழு இருக்கணும், இல்லன்னா மாவட்டத்துல ஒரு குழு இருக்கு, 3 மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும். படப்பிடிப்பு யூனிட்டுக்கும் அந்த குழு வேணும்னு 2022ல கேரள ஹைகோர்ட் சொல்லியிருக்கு. சினிமால பொண்ணுங்க படற பாட்ட விசாரிச்ச ஹேமா கமிட்டி அறிக்கை 2019ல குடுத்தது, 2024 ஆகஸ்ட்லதான் வெளில வந்துச்சு, அதுல இருக்கறது மலையாள சினிமா பத்திதான், ஆனா படிச்ச எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை அது. வெளிய வர அத்தனை வருஷம் ஆச்சுன்னா பேசறது எவ்வளவு கஷ்டம்னு யோசி, அதனால தனியா பேசாத, ஃபீல்டுலயே இருக்கற மூத்த பொண்ணு ஒருத்தர் கூட இருக்கட்டும். ஆடிஷனுக்கு தனியா போகாத, ஹோட்டல் ரூம்னா கட்டாயமா போகாத.

சபைல பெரியவங்க இத படிச்சா ஒரு வேண்டுகோள். எஜமானோட பொண்டாட்டி தொல்லை குடுத்தப்போ, யோசேப்பு அந்த போத்திபார் வீட்டுக்கு ஏன் போனான்னு நாம கேக்கறதில்ல. இந்த பிள்ளைங்ககிட்டயும் கேக்காதீங்க.

கேள்வி: ஐட்டம் சாங், ரத்தம் தெறிக்கற சீன் இதெல்லாம் எடிட் பண்ணுவீங்களா?

ரத்தம் இருக்குங்கறதுக்காக வேண்டாம்னு சொல்ல மாட்டேன், நியாயாதிபதிகள் 19 படிச்சவங்களுக்கு தெரியும் வேதத்துல எவ்வளவு கொடூரம் எழுதியிருக்குன்னு. பாவத்த காட்டறது வேற, பாக்கறவனுக்கு அது மேல ஆச வர்ற மாதிரி காட்டறது வேற. ஷாட் ஷாட்டா பாக்கும்போது நான் கேக்கற கேள்வி, இது யாரோட கண்ணு? கதைல இருக்கற ஒருத்தர் பாக்கறாரா, இல்ல தியேட்டர்ல உக்காந்திருக்கவனுக்காக ஒரு பொண்ணோட உடம்ப துண்டு துண்டா காட்டறாங்களா? ரெண்டாவதுன்னா செய்ய மாட்டேன்னு ப்ராஜெக்ட ஒத்துக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருவேன், அதனால ரெண்டு ப்ராஜெக்ட் போச்சு, பீரோல இருந்த நகை ஒரு வருஷம் அடகு கடைல இருந்துச்சு. அசிஸ்டன்ட்டா இருக்கும்போது இந்த சுதந்திரம் எனக்கும் இல்ல, அப்போ செஞ்சதுக்கு மன்னிப்பு கேட்டிருக்கேன், அத மறைக்க விரும்பல.

கேள்வி: காலை ராசிபலன் நிகழ்ச்சிக்கு பேனல் ப்ரொடியூசரா (கண்ட்ரோல் ரூம்ல கேமராவ மாத்தி மாத்தி ஸ்விட்ச் பண்ற வேலை) போட்டுட்டாங்க.

தானியேல் முதல் அதிகாரத்த மெதுவா படிங்க. பாபிலோன் அரண்மனைக்கு சிறையா போனவன், கல்தேயரோட எழுத்தும் பாஷையும் கத்துக்கிட்டான், பெல்தெஷாத்சார்னு பேர் மாத்தினாங்க, அதுக்கெல்லாம் சண்டை போடல. ராஜாவோட சாப்பாடு வேண்டாம்னுதான் உறுதியா நின்னான். அங்கயும் அதிகாரிய திட்டல, "10 நாள் சோதிச்சு பாருங்க"ன்னு வழி சொன்னான். நீங்க ஸ்விட்ச் பண்றதுக்கும், நீங்களே பலன் எழுதி ஜனங்க தலைல கட்டறதுக்கும் நடுவுல தூரம் இருக்கு, எழுதற வேலை மட்டும் வேண்டாம்னு நிப்பேன் நான். வேற நிகழ்ச்சிக்கு மாத்த கேளுங்க, உங்களுக்கு பதிலா வர்ற ஆள் யாருன்னும் நீங்களே தேடி குடுங்க. கேபிள் டிவி விதிகள் 1994ல 6வது விதி மூடநம்பிக்கைய வளக்கற நிகழ்ச்சி கூடாதுன்னுதான் சொல்லுது, நடைமுறைல பாக்கறது வேற கத.

கேள்வி: பையன் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். சினிமா சாத்தானோட இடம்னு எங்க பாஸ்டர் சொல்றார். ஒரு அம்மாவா பயமா இருக்கு.

அம்மா, உங்க பயம் தப்பில்ல, குடியும் கடனும் இங்க நிறைய குடும்பத்த சாப்பிட்டிருக்கு. ஆனா இடமே சாத்தானோடதுன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். தென்னிந்தியாவுல சினிமா பரவின கதைய எடுத்தா முன்னாடி நிக்கறவர் சாமிக்கண்ணு வின்சென்ட், கோயம்புத்தூர் கிறிஸ்தவர், திருச்சில ரயில்வே வேலைல இருந்தவர். 1905ல டுபான்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட புரொஜக்டரும் படச்சுருளும் வாங்கி, வேலைய விட்டுட்டு ஊர் ஊரா கூடாரம் போட்டு காட்டினார், அப்படி காட்டினதுல இயேசுவோட வாழ்க்கை பத்தின மௌனப்படமும் ஒண்ணு. 1914ல கோயம்புத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டினார், அந்த ரோட்டுக்கு இன்னைக்கும் அதே பேர்தான். அவன போக விடுங்கம்மா, ஆனா போறதுக்கு முன்னாடி வீட்லயே உக்காந்து எதெல்லாம் செய்ய மாட்டான்னு அவன் வாயாலயே சொல்ல வைங்க. அப்புறம் மாசா மாசம் காசு இருக்கான்னு கேளுங்க, காசில்லாத நேரத்துலதான் பசங்க வழுக்கறாங்க.

கேள்வி: வேலை செய்யற இடத்துல சுவிசேஷம் சொல்றீங்களா? கைப்பிரதி குடுக்கலாமா?

ஆகாப் ராஜாவோட அரண்மனைல ஒபதியான்னு ஒருத்தர் இருந்தார். வேலைய விடல, 100 தீர்க்கதரிசிங்கள ஐம்பது ஐம்பது பேரா கெபில ஒளிச்சு வெச்சு சாப்பாடு போட்டார். எலியா அவர பாத்தப்போ ராஜினாமா பண்ணுன்னு சொல்லல.

நான் கைப்பிரதி குடுக்கறதில்ல. என் அசிஸ்டன்ட் ரெண்டு பேருக்கும் பேட்டா அன்னன்னைக்கே குடுத்துருவேன், கிரெடிட்ல அவங்க பேர் வரணும்னு சண்டை போடுவேன், அங்க இல்லாத மனுஷன பத்தி எடிட் ரூம்ல பேச விட மாட்டேன். யாராவது கேட்டா மறைக்காம சொல்வேன். போன வாரம் நைட் 2 மணிக்கு எபிசோட் எக்ஸ்போர்ட் போட்டுட்டு உக்காந்திருந்தோம், முடிய இன்னும் 14 நிமிஷம்னு காட்டுச்சு. சவுண்ட் பாக்கற அண்ணன், நெத்தி நிறைய விபூதி, திடீர்னு "உங்க சாமிகிட்ட என் பொண்ணுக்காக கொஞ்சம் சொல்லும்மா, நாளைக்கு ஸ்கேன் இருக்கு"ன்னார். பொண்ணு பேர் என்னன்னு கேட்டேன். எக்ஸ்போர்ட் முடியறதுக்குள்ள ஜெபம் பண்ணி முடிச்சோம்.