டெங்கு குறைந்ததா, மழை விட்டதா? சுகாதாரத் திட்டங்களை மதிப்பிடுவது பற்றிச் சில கேள்விகள்

செங்கலடி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்: சேர், ஜனவரியில் எங்கள் பிரிவில் டெங்கு ஒழிப்புத் திட்டம் தொடங்கினோம். ஏப்ரலில் நோயாளர் பாதிக்கும் கீழ். வெற்றி என்று அறிக்கை எழுதலாமா?

பதில்: எழுதலாம், நான் நம்ப மாட்டேன். மட்டக்களப்பில் மாரி மழையோடு டெங்கு ஏறும். மழை விட்டதும், நாம் சும்மா இருந்தாலும் இறங்கும். உங்கள் பணிமனையில் எச் 399 என்ற வாராந்தத் தொற்றுநோய் அறிக்கைப் படிவங்களின் பிரதி கிடக்கும். ஐந்தாறு வருடத்தை எடுத்து, ஒவ்வொரு ஏப்ரலிலும் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். அப்புறம் திட்டம் நடக்காத, மழையும் சனநெருக்கமும் ஏறக்குறைய ஒத்த ஒரு பிரிவையும் பாருங்கள். அங்கே இறங்கியதைவிட உங்களிடம் கூடுதலாக இறங்கியது மட்டுமே திட்டத்தின் கணக்கில் சேரும். 2017இல் இலங்கையில் டெங்கு நோயாளர் 1 இலட்சத்து 86 ஆயிரத்தைத் தாண்டினார்கள். அப்படியொரு உச்ச வருடம் முடிந்து எண்ணிக்கை தானே இறங்கும்போது, 2018இல் எதைத் தொடங்கியிருந்தாலும் வெற்றிதான்!

கொக்கட்டிச்சோலை, மாணவி: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நடக்கும் திட்டத்துக்கு, வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையை ஒப்பீடாக வைக்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. பஸ், ஆஸ்பத்திரித் தூரம், தொழில் எல்லாமே வேறு. திட்டம் அடுத்த வருடம் போகவிருக்கும் படுவான்கரை ஊர்களையே எடுங்கள்.

அக்கரைப்பற்று: சரி, நாடு முழுக்க ஒரே நாளில் வரும் சட்டத்துக்கு ஒப்பிட ஊர் ஏது?

பதில்: ஊர் இல்லாவிட்டால் காலத்தோடு ஒப்பிட வேண்டும். பூச்சிகொல்லிக் கட்டுப்பாடு நல்ல உதாரணம். கடும் நச்சுள்ளவை 1995இலும் எண்டோசல்பான் 1998இலும் தடுக்கப்பட்டன. 2005 ஆகும்போது தற்கொலை மரண வீதம் ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. ஆய்வாளர்கள் அதோடு விடவில்லை. வேலையின்மை, மது, விவாகரத்து, யுத்தம் ஒவ்வொன்றையும் காரணமாக வைத்துப் பார்த்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகையும் குறையவில்லை. வந்தவர்களில் முன்னைவிடக் கூடுதலானோர் பிழைத்தார்கள். மாறியது அருந்திய பூச்சிகொல்லியின் நச்சுத்தன்மையே என்ற முடிவுக்கு இதுதான் பலம். எனக்கு மிகவும் பிடித்த தர்க்கம் இது.

களுவாஞ்சிக்குடி, குடும்பநல உத்தியோகத்தர்: நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றைப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்வு கிளினிக்குக்கு ஆண்கள் வருவது குறைவு. காரணம் அறியக் கேள்விக்கொத்து தயாரித்திருக்கிறேன்.

பதில்: அதைக் கிளினிக்கில் கொடுக்காதீர்கள், அங்கே இருப்பவர்கள் வந்தவர்கள். வயல் வாடிக்கும் கரைவலை வாடிக்கும் போங்கள். வேளாண்மை வெட்டு நேரத்தில் மட்டும் வேண்டாம், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கல்முனை: அம்பாறை மாவட்டத் தரவு எங்கே எடுப்பது?

பதில்: இரண்டு இடத்தில். கரையோரம் கல்முனைப் பிராந்திய சுகாதாரப் பணிமனையின் கீழ், உட்பகுதி அம்பாறைப் பணிமனையின் கீழ். ஒன்றை மட்டும் எடுத்து மாவட்டம் என்று எழுதிய ஆய்வுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.