பழைய டிஸ்னி சீட்டுகள்: நாளாகச் செல்லுமா, பணமாகச் செல்லுமா?

புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ அருகே நான்கு பொழுதுபோக்குப் பூங்காக்களைக் கொண்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டின் பழைய நுழைவுச்சீட்டுகள் வீட்டு அலமாரியில் கிடந்தால், அவற்றை என்ன செய்வது என்று நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். நான் அந்த நிறுவனத்தின் ஊழியன் அல்லன்; ஆர்லாண்டோவுக்கு அருகே நெடுங்காலமாக வசிப்பதால், விடுமுறைக்கு வரும் உறவினர்களின் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கவுன்ட்டர்களில் நின்று பழகியவன், அவ்வளவுதான். கேள்விகளைச் சற்றே சுருக்கித் தந்திருக்கிறேன்.

எடிசன், நியூ ஜெர்சி: ஐயா, 2004ஆம் ஆண்டு வாங்கிய ஐந்து நாள் பார்க் ஹாப்பர் (ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பூங்காக்களுக்குப் போகக்கூடிய) சீட்டில் மூன்று நாள்களை மட்டும் பயன்படுத்தினோம். மீதி இரண்டு நாள்கள் இன்னமும் செல்லுமா? காலாவதித் தேதி எதுவும் அதில் அச்சிடப்படவில்லை.

செல்லும். 2005ஆம் ஆண்டு ஜனவரிக்கு முன்பு அங்கே பொதுமக்களுக்கு விற்கப்பட்ட பல நாள் ஹாப்பர் சீட்டுகளில் மிச்சமிருக்கும் நாள்களுக்குக் காலாவதி கிடையாது. அந்த ஜனவரியில் ‘மேஜிக் யுவர் வே’ என்னும் புதிய முறை வந்தது. அதன்பின், முதல் முறை உள்ளே நுழைந்ததிலிருந்து 14 நாள்களுக்குள் எல்லா நாள்களையும் பயன்படுத்திவிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. காலாவதியே வேண்டாம் என்பவர்கள் கூடுதல் பணம் கட்டி ‘நோ எக்ஸ்பிரேஷன்’ என்ற வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் வைத்தார்கள். அந்த வசதியையும் 2015இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே, உங்கள் கையில் இருப்பது இன்று எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத வகைச் சீட்டு.

ஒரே ஒரு நிபந்தனை: முதல் மூன்று நாள்கள் யார் அந்தச் சீட்டைக் கொண்டு நுழைந்தாரோ அவரேதான் மீதி நாள்களையும் பயன்படுத்த வேண்டும். நான்கு பேரின் சீட்டுகளும் ஒரே உறையில் கலந்து கிடந்தால், எது யாருடையது என்று இப்போதே பிரித்து எழுதி வையுங்கள்.

அதே வாசகி: அப்படியானால் வரும் கோடையில் ஆறு நாள் தங்கப் போகிறோம். இந்த இரண்டு நாள்களோடு நான்கு நாள் சீட்டு ஒன்றை வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்கலாம், ஆனால் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். டிஸ்னியின் விலை அமைப்பில் முதல் சில நாள்கள்தான் விலை மிகுந்தவை. நான்கைந்து நாள்களுக்குப் பிறகு மேலும் ஒரு நாளைச் சேர்ப்பதற்கு ஆகும் கூடுதல் தொகை மிகச் சிறியது. கணக்கிற்காக ஒரு நாள் சீட்டு 150 டாலர் என்றும், நான்கு நாள் சீட்டை ஆறு நாளாக நீட்டிக்க 50 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் பழைய இரண்டு நாள்களையும் இந்தப் பயணத்தில் செலவழித்தால் நீங்கள் மிச்சப்படுத்துவது வெறும் 50 டாலர். அதே இரண்டு நாள்களை, வேறு வேலையாகப் புளோரிடா வந்து இரண்டே நாள் பூங்காவுக்குப் போகும் ஒரு பயணத்தில் பயன்படுத்தினால் ஏறக்குறைய 300 டாலர் மிச்சம். கோடைக்கு ஆறு நாள் சீட்டே வாங்குங்கள்; பழையது உறையிலேயே இருக்கட்டும்.

டல்லாஸ்: 2012இல் வாங்கிய நான்கு நாள் சீட்டு, ஒரு நாளும் பயன்படுத்தவில்லை. ‘நோ எக்ஸ்பிரேஷன்’ வசதி எடுக்கவில்லை. தூக்கி எறியலாமா?

எறிந்துவிடாதீர்கள். முழுவதும் பயன்படுத்தப்படாத சீட்டு காலாவதியானாலும் அதற்குக் கொடுத்த விலை காலாவதியாவதில்லை. புதிய சீட்டு வாங்கும்போது அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ள டிஸ்னி அனுமதிக்கிறது. ‘முழுவதும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நான்கு நாள்களில் ஒரு நாள் பயன்படுத்தியிருந்தாலும் இந்தச் சலுகை இல்லை.

ஆனால், உங்கள் சீட்டில் கடைசித் தேதி ஏதேனும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘மேஜிக் யுவர் வே’ முறையின் தொடக்க ஆண்டுகளில் 14 நாள் என்ற கெடு முதல் நுழைவிலிருந்துதான் தொடங்கும். எனவே பயன்படுத்தாத வரை அந்தச் சீட்டுக்குக் கெடுவே இல்லை. பிற்பாடு வந்தவற்றில் இந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்றும் அச்சிட்டார்கள். தேதி இல்லையென்றால் உங்களிடம் இருப்பது நான்கு நாள்கள். தேதி கடந்திருந்தால் உங்களிடம் இருப்பது 2012இன் விலை. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. நாளாகச் செல்லும் சீட்டின் மதிப்பு விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது. பணமாகச் செல்லும் சீட்டின் மதிப்பு, கொடுத்த விலையிலேயே உறைந்து நின்று, ஒவ்வோர் ஆண்டின் விலையேற்றத்திலும் சுருங்குகிறது. 2005இல் பெரியவர்களுக்கான ஒரு நாள் சீட்டு 59.75 டாலர், 2025 கிறிஸ்துமஸ் காலத்தில் நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்தின் ஒரு நாள் விலை 199 டாலர். ஆகவே, முதல் வகையை வைத்திருப்பவர் பொறுத்திருக்கலாம். இரண்டாம் வகையை வைத்திருப்பவர் அடுத்து வரும் பயணத்திலேயே கழித்துவிடுவது நல்லது.

சார்லட்: சென்ற ஆண்டு நான்கு நாள் சீட்டில் இரண்டாம் நாளே குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஊர் திரும்பினோம். மீதியை மீட்க வழி உண்டா?

வருந்துகிறேன், விதிப்படி இல்லை. 2018 அக்டோபர் முதல் சீட்டுகள் தேதி சார்ந்தவை. நான்கு நாள் சீட்டு என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த தொடக்கத் தேதியிலிருந்து ஏழு நாள்களுக்குள் அந்த நான்கையும் பயன்படுத்த வேண்டும். அது கடந்துவிட்டால் மீதி நாள்கள் நாளாகவும் செல்லா, பணமாகவும் செல்லா. ஊர் திரும்புவதற்கு முன்பே, அந்த ஏழு நாள்களுக்குள், ‘கெஸ்ட் ரிலேஷன்ஸ்’ என்னும் விருந்தினர் உதவிக் கவுன்ட்டரில் நிலைமையைச் சொல்லிக் கேட்டிருந்தால் அவர்களுடைய விருப்பத்தின் பேரில் ஏதேனும் செய்திருக்கலாம், அது உரிமையன்று.

டொராண்டோ: தேதி சார்ந்த சீட்டு வாங்கிவிட்டோம், விசா தாமதத்தால் பயணம் தள்ளிப்போகிறது.

ஒரு நாளும் பயன்படுத்தாததால் கவலை வேண்டாம். டிஸ்னியின் இணையதளத்திலோ செயலியிலோ தேதியை மாற்றிக்கொள்ளலாம். புதிய தேதிக்கு விலை கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். குறைவாக இருந்தால் மீதியைத் திருப்பித் தர மாட்டார்கள். பணத்தைத் திரும்பப் பெறும் வழி எதுவும் இல்லை என்பதையும் நினைவில் கொள்க.

டாம்பா: பத்து நாள் ‘நோ எக்ஸ்பிரேஷன்’ சீட்டில் ஆறு நாள்கள் மீதி இருப்பதாகவும், பாதி விலைக்குத் தருவதாகவும் இணையத்தில் ஒருவர் விளம்பரம் செய்திருக்கிறார். வாங்கலாமா?

வாங்கவே கூடாது. இதில் இரண்டு வகையான ஆபத்துகள் உள்ளன. முதலாவது சட்டம். ஒரு முறையேனும் பயன்படுத்தப்பட்ட, பிறருக்கு மாற்றித் தரக்கூடாத பல நாள் பூங்காச் சீட்டை விற்பது மட்டுமின்றி, வணிகப் பரிமாற்றம் ஒன்றின் பகுதியாக இலவசமாகக் கைமாற்றிக் கொடுப்பதும் புளோரிடா மாநிலச் சட்டத்தின் 817.361ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டாவது, அந்தச் சீட்டில் உண்மையில் எத்தனை நாள்கள் மீதி உள்ளன என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. அது கணினியில்தான் இருக்கிறது. ஆறு என்று சொல்லி விற்ற சீட்டில் பூஜ்யம் இருந்ததை வாயிலில் வைத்துத்தான் அறிந்துகொண்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். நான்கு பேரும் அன்று முழு விலைக்குச் சீட்டு வாங்கினார்கள். நாள்கள் இருந்தாலும், முதல் நுழைவில் பதிவான விரல் அடையாளம் உங்களுடையதாக இருக்காது.

சான் ஹோசே: அப்பா காலமாகிவிட்டார். அவருடைய பெட்டியில் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று முழுவதும் பயன்படுத்தாதது. மற்றொன்றில் ஒரு நாள் மீதி இருப்பதாக அம்மா சொல்கிறார்.

பயன்படுத்தாத சீட்டு இன்னும் எவருக்கும் உரியதாகவில்லை; முதலில் யார் அதைக் கொண்டு நுழைகிறாரோ அவருக்கே அது உரியதாகும். எனவே, அதை நீங்களோ அம்மாவோ தயங்காமல் பயன்படுத்தலாம். ஒரு நாள் மீதியுள்ள சீட்டு அப்பாவோடு முடிந்துவிட்டது. கவுன்ட்டரில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் எதிர்பார்ப்போடு போகாதீர்கள். அதை அவருடைய நினைவாக ஆல்பத்தில் ஒட்டி வைப்பதையே நான் செய்வேன்.

அட்லாண்டா: மகளுக்கு ஏழு வயதில் வாங்கிய குழந்தைச் சீட்டு. இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள்.

டிஸ்னியில் 3 முதல் 9 வயது வரைதான் குழந்தைக் கட்டணம். பத்து வயது நிறைந்தாலே பெரியவர். முழுவதும் பயன்படுத்தாத சீட்டு என்றால், கொடுத்த விலையைக் கழித்துவிட்டுப் பெரியவர் சீட்டுக்கான வித்தியாசத்தைக் கட்ட நேரும். சில நாள்கள் பயன்படுத்தி மீதியுள்ள காலாவதியற்ற சீட்டு என்றால், மகளையும் அவளுடைய அடையாள அட்டையையும் உடன் அழைத்துச் சென்று நேரில் கேளுங்கள். பெற்றோர் மட்டும் போய்ப் பேசுவது வீண் அலைச்சல்.

சென்னை: 1999இல் மகன் வீட்டுக்கு வந்தபோது எடுத்த சீட்டு. அதில் நான்கு பூங்காக்கள் தவிர ‘ரிவர் கன்ட்ரி’, ‘பிளஷர் ஐலண்ட்’ என்றும் போட்டிருக்கிறது. அவை இப்போது இல்லை என்கிறான் மகன்.

மகன் சொல்வது சரி. ரிவர் கன்ட்ரி நீர்ப்பூங்கா 2001இலும், பிளஷர் ஐலண்ட் இரவு விடுதிகள் 2008இலும் மூடப்பட்டன. உங்கள் சீட்டின் ‘பிளஸ்’ பகுதியில் உள்ள கூடுதல் நுழைவுகளை, அதே பட்டியலில் இருந்து இன்றும் இயங்கும் டைஃபூன் லகூன் அல்லது பிளிசார்ட் பீச் நீர்ப்பூங்காவுக்குப் பயன்படுத்த முடியுமா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று பராமரிப்புக்காக மூடியிருப்பதும் உண்டு. சீட்டில் எம்.ஜி.எம். ஸ்டூடியோஸ் என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். 2008 முதல் அதற்கு ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்று பெயர்.

சிகாகோ: வாங்கிய வீட்டின் பரணில் ‘ஏ’ முதல் ‘இ’ வரை எழுத்துகள் போட்ட கூப்பன் புத்தகம் ஒன்று கிடைத்தது. இதுவும் சீட்டுதானா?

சீட்டேதான், உங்கள் கடிதம் எனக்கு மகிழ்ச்சி அளித்தது. ஒருமுறை பணம் கட்டிவிட்டு எல்லா சவாரிகளிலும் ஏறும் வழக்கம் பரவலாவதற்கு முன்பு, ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனிக் கூப்பன் கிழித்துக் கொடுத்தார்கள். 1955இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் தொடங்கிய முறை அது. ‘இ’ கூப்பன் 1959இல் சேர்ந்தது. புளோரிடாவில் 1971இல் திறந்த மேஜிக் கிங்டத்திலும் அதே முறைதான். குதிரை பூட்டிய டிராம் வண்டிக்கு ‘ஏ’, பேய் மாளிகைக்கும் ஜங்கிள் குரூஸ் படகுக்கும் ‘இ’. எப்காட் பூங்கா திறந்த 1982ஆம் ஆண்டில் இந்தக் கூப்பன்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். ஆனால், ‘இ டிக்கெட்’ என்னும் சொல் மட்டும், மிகவும் விறுவிறுப்பான அனுபவம் என்ற பொருளில், ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது: 1983இல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண்ணான சாலி ரைடு, தம் பயணத்தை ‘இ டிக்கெட்’ என்றே வருணித்தார்.

இதைப் பூங்கா வாயிலில் கொண்டுபோய்க் கழிக்க நினைக்காதீர்கள். அங்கே கிடைக்கக்கூடியது, அந்தக் காலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் போகாது. ‘இ’ கூப்பன் ஒன்றின் விலையே அன்று ஒரு டாலருக்கும் குறைவு. பழம்பொருள் சேகரிப்போர் அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பார்கள், அதிலும் ‘இ’ கூப்பன் கிழிக்கப்படாத புத்தகம் என்றால் தனி மதிப்பு. எல்லோரும் முதலில் கிழித்தது ‘இ’யைத்தானே; ‘ஏ’ கூப்பன்கள்தாம் வீடுவீடாக மிஞ்சிக் கிடக்கின்றன.

ஹூஸ்டன்: யூனிவர்சல், சீவேர்ல்ட் சீட்டுகளுக்கும் இதே விதிகளா?

இல்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி விதி. சீட்டின் பின்புறத்தில் உள்ள சிறிய எழுத்துகளைப் படித்து அந்தந்த நிறுவனத்திடமே கேளுங்கள். நான் மேலே சொன்னவை வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு மட்டுமே பொருந்தும்.

ராலி: என் அலுவலகம் பரிசாகக் கொடுத்த இலவச அனுமதிச் சீட்டு காலாவதியாகிவிட்டது. அதற்கும் விலை கழிப்பார்களா?

யாரும் விலை கொடுக்காத ‘காம்ப்ளிமென்டரி’ சீட்டில் கழிப்பதற்கு எதுவும் இல்லை.

பீனிக்ஸ்: சரி, பழைய சீட்டை எங்கே, எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? முன்பதிவு வேண்டுமா?

நான்கு பூங்காக்களின் வாயில்களிலும் கெஸ்ட் ரிலேஷன்ஸ் கவுன்ட்டர் உண்டு. ஆனால், காலை வேளையில் குழந்தைகளோடு அங்கே வரிசையில் நிற்பது பெரும் தொல்லை. பயணத்திற்கு முந்தைய மாலையில் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்குச் செல்லுங்கள். அங்கே கார் நிறுத்தக் கட்டணம் இல்லை, நுழைவுச்சீட்டும் வேண்டாம், கவுன்ட்டரும் இருக்கிறது. காந்தப்பட்டை ஒட்டிய பழைய காகிதச் சீட்டை அங்கே வாங்கிக்கொண்டு, இன்றைய வாயில் கருவிகள் படிக்கக்கூடிய அட்டையாக மாற்றித் தருவார்கள். சீட்டுக்குரியவர்கள் அனைவரும் புகைப்பட அடையாள அட்டையோடு செல்வது நல்லது.

முன்பதிவைப் பொறுத்தவரை, 2024 ஜனவரி 9 முதல் தேதி சார்ந்த சீட்டுகளுக்கு அது தேவையில்லை. தேதி இல்லாத பழைய சீட்டுகள் அந்த விலக்கில் சேராமல் போகலாம் என்பதால், அட்டையை மாற்றும்போதே எந்த நாள் எந்தப் பூங்கா என்று சொல்லி, முன்பதிவு வேண்டுமா என்பதையும் அதே ஊழியரிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.

மீண்டும் எடிசன்: சீட்டின் காந்தப்பட்டை உரிந்துவிட்டது, எழுத்தும் மங்குகிறது. லேமினேட் செய்து வைக்கலாமா ஐயா?

லேமினேட் செய்யாதீர்கள் அம்மா. சூட்டில் சிலவகைத் தாள்கள் கறுத்துவிடும். பட்டை போனாலும் பரவாயில்லை, பின்புறத்தில் அச்சிட்ட எண்தான் முக்கியம். அந்த எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி, சீட்டின் இரு பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.