நாய் வளர்ப்பில் உட்கலப்பு: கேள்வி பதில்

தென் மாவட்டங்களில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாட்டு நாய்களுக்கு நெடுங்காலமாக மருத்துவம் பார்த்து வருகிறேன். தகப்பன், மகள், உடன்பிறப்பு என்று நெருங்கிய ரத்த உறவுள்ள நாய்களை இணை சேர்ப்பது, அதாவது உட்கலப்பு, பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் ஆண் நாய் நல்ல உயரம், ஆழமான நெஞ்சு. அதன் மகளையே அதனுடன் சேர்த்தால் அதே அச்சில் குட்டிகள் விழும் என்கிறார்கள். உண்மைதானா ஐயா?

ஓரளவு உண்மைதான். உட்கலப்பு குட்டிகளை ஒரே சாயலில் தரும் என்பதால்தான் உலகெங்கும் அதைக் கையாண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் உயரத்தையும் நெஞ்சையும் பதிய வைக்கும் அதே வழி, கண்ணுக்குத் தெரியாத பழுதுகளையும் பதிய வைத்துவிடும். ஒவ்வொரு மரபணுவிலும் தாய் தந்த பிரதி ஒன்று, தகப்பன் தந்த பிரதி ஒன்று என இரண்டு இருக்கின்றன. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்வதால், அந்த நாய் ஆயுள் முழுவதும் நோயின்றி ஓடித் திரியக்கூடும். உங்கள் நாயிடம் அப்படி ஒரு பழுது இருந்தால், அது மகளுக்குப் போயிருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. மகளுக்குப் போயிருந்தால், இருவருக்கும் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் இரண்டு பழுதான பிரதிகளையும் பெற நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எட்டில் ஒன்று. இது ஒரே ஒரு பழுதுக்கான கணக்கு. எந்த நாயிடமும் இத்தகைய பழுதுகள் பல மறைந்தே இருக்கும். வெளியிலிருந்து வரும் பெட்டையிடமும் பழுதுகள் இருக்கத்தான் செய்யும், ஆனால் உங்கள் நாயிடம் உள்ள அதே பழுதுகளாக அவை இருப்பது அரிது.

கேள்வி: நம் குடும்பங்களில் தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டுவதில்லையா? நாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு அச்சம்?

இந்தக் கேள்வியை நாய்ப் பட்டிகளில் அடிக்கடி கேட்கிறேன். ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பையே உட்கலப்பு விகிதம் என்கிறோம். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு அது 6.25 சதவீதம், தாய்மாமன் திருமணத்தில் 12.5 சதவீதம். அந்த அளவுக்கே மருத்துவர்கள் குடும்ப வரலாற்றைக் கேட்டு எச்சரிக்கிறார்கள். தகப்பன் மகள் சேர்க்கையிலும், கூடப் பிறந்தவற்றின் சேர்க்கையிலும் அது 25 சதவீதம். மனிதர் தாய்மாமன் திருமணத்தோடு நின்றுவிடுகிறார்கள், பட்டியில் அது நிற்பதில்லை. உடன்பிறந்த குட்டிகளையே தலைமுறைதோறும் சேர்த்துக்கொண்டு போனால், இரண்டாம் தலைமுறையில் 37.5 சதவீதம், மூன்றாம் தலைமுறையில் 50 சதவீதம் என்று ஏறுகிறது. நாய் ஒன்றரை, இரண்டு வயதிலேயே தாயாகிவிடுவதால், மனிதக் குடும்பத்தில் நூறாண்டு பிடிப்பது பட்டியில் ஏழெட்டு ஆண்டுகளில் முடிந்துவிடும்.

கேள்வி: நான் ஒருமுறை அப்படிச் சேர்த்தேன். ஏழு குட்டிகளும் கொழுகொழுவென்று இருந்தன. பிறகு எங்கே ஆபத்து?

இதற்கு என் சொந்தத் தவற்றைச் சொல்லித்தான் பதில் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் சிப்பிப்பாறை வளர்க்கும் ஒருவர், தகப்பனையும் மகளையும் சேர்க்கலாமா என்று என்னைக் கேட்டார். நாய்கள் இரண்டும் திடமாக இருந்தன. சேருங்கள், குட்டிகள் நன்றாக வரும் என்று சொன்னேன். அந்த ஈத்து நன்றாகத்தான் வந்தது. அந்த நம்பிக்கையில், அதில் பிறந்த பெட்டையையும் அவர் அதே ஆண் நாயுடன் சேர்த்தார். நான்கு குட்டிகளே பிறந்தன. மூன்றாம் நாள் என்னை அழைத்தபோது, ஒரு குட்டி காம்பைப் பிடித்துச் சப்பிக்கொண்டே இருக்க, குடித்த பால் இரண்டு மூக்குத் துவாரங்களின் வழியே நுரைத்து வந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன், மேல் அண்ணம் நடுவே பிளந்திருந்தது. தாய் அதை நக்கி நக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அது இறந்தது. இன்னொன்று எடை ஏறாமலேயே இரண்டாம் வாரத்தில் போனது. அண்ணப் பிளவுக்கு வேறு காரணங்களும் உண்டு, அந்த ஒரு குட்டியை வைத்து உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் குட்டிகளின் எண்ணிக்கை குறைவது, பால்குடிப் பருவத்தில் இறப்பு கூடுவது, பெட்டை சினை பிடிக்கத் தவறுவது ஆகியவை உட்கலப்பு நலிவின் அறியப்பட்ட அடையாளங்கள். முதல் ஈத்தைப் பார்த்து முடிவு செய்தது என் பிழை. இன்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

உங்கள் ஏழு குட்டிகளைப் பொறுத்தவரை, அவை இப்போது எங்கே இருக்கின்றன, என்ன ஆயின என்று வாங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இதயக் கோளாறு, வலிப்பு, கண்நோய் போன்ற பல மரபு நோய்கள் இரண்டு மாதத்தில் குட்டியை விற்கும்போது தெரிவதில்லை. தெரியும்போது குட்டி உங்களிடம் இருக்காது, மருத்துவச் செலவும் மனவேதனையும் வாங்கியவர் தலையில் விழுகின்றன, வலியை நாய் தாங்குகிறது. இந்தச் செயலின் அறக்கேடு இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாமை உட்கலப்பால் வருவதா?

நேரடியாக அப்படிச் சொல்லிவிட முடியாது. உள்காது வேலை செய்ய அங்கே நிறமிச் செல்கள் இருக்க வேண்டும். தூய வெள்ளை நிறத்தை உண்டாக்கும் மரபணுக்கள் சில குட்டிகளில் அந்தச் செல்களையும் இல்லாமல் செய்துவிடுவதால், பிறந்து சில வாரங்களுக்குள் செவிப்புலன் அழிந்துபோகிறது. கரும்புள்ளிகள் கொண்ட வெள்ளை நாய் இனமான டால்மேஷியனிலும் இதே கதைதான். ஆனால் பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் மட்டுமே அசல் என்று சந்தை கேட்க, அப்படிப்பட்ட சில ஆண் நாய்களையே ஊரெல்லாம் சேர்க்கைக்குக் கொண்டுபோக, குறையும் உறவும் சேர்ந்தே பெருகுகின்றன. குட்டிகள் தூங்கும்போது, காற்றும் அதிர்வும் படாத தொலைவில் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். மற்றவை தலை தூக்க, ஒன்று மட்டும் உறங்கிக்கொண்டிருந்தால் அதைத் தனியே சோதிக்க வேண்டும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். கேளாத நாயை ஒருபோதும் இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் செய்வது உட்கலப்பு அல்ல, லைன் பிரீடிங். அது சரிதானே?

ஒரு நல்ல முன்னோரின் வழியில் வந்த, சற்றுத் தூரத்து உறவு நாய்களைச் சேர்ப்பதை அப்படிச் சொல்கிறார்கள். பெயர்தான் வேறு. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்தால் 12.5 சதவீதம், ஒரு தகப்பனுக்கு இரு தாய்களிடம் பிறந்தவை சேர்ந்தாலும் 12.5 சதவீதம். அந்த முன்னோர் ஏற்கெனவே உட்கலப்பில் பிறந்திருந்தால் எண் இன்னும் கூடும். நாய் இனங்களின் பதிவேட்டை வைத்திருக்கும் பிரிட்டனின் கென்னல் கிளப், தகப்பன் மகள், தாய் மகன், உடன்பிறப்புச் சேர்க்கையில் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதை 2009இல் நிறுத்திக்கொண்டது. அவ்வளவு நீண்ட பதிவேடு வைத்திருப்பவர்களே அஞ்சி நிறுத்தியதை, வம்சாவளியை வாய்மொழியாகவே வைத்திருக்கும் நாம் துணிந்து செய்வது முறையன்று.

கேள்வி: கலப்பில்லாத நாய்கள் மிகக் குறைவு. வெளி ரத்தம் சேர்த்தால் இனம் அழிந்துவிடாதா?

வெளி ரத்தம் என்றாலே வேற்று இனம் என்று பொருளில்லை. சிவகாசியில் இருப்பவர் கோவில்பட்டிப் பக்கம், திருநெல்வேலிப் பக்கம் தேடினால், தொடர்பற்ற அதே இன நாய் பெரும்பாலும் கிடைக்கும். பெட்டை எவ்வளவு நெருங்கிய உறவில் பிறந்திருந்தாலும், உறவற்ற ஆண் நாயுடன் சேர்ந்தால் குட்டிகளின் உட்கலப்பு விகிதம் ஒரே தலைமுறையில் சுழியத்துக்கு இறங்கிவிடும்.

இனத்துக்குள் நல்ல பிரதியே மிஞ்சாத நிலையில் என்ன செய்வது என்பதற்கு டால்மேஷியன் சான்று. தூய டால்மேஷியன் எல்லாவற்றிலும் யூரிக் அமிலக் கோளாறு இருந்ததால், சிறுநீர்க் கற்கள் அவற்றுக்குப் பெருந்தொல்லையாக இருந்தன. 1973இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரே ஒருமுறை பாயின்டர் இன நாயைச் சேர்த்து, பின் தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனுடனேயே சேர்த்துவந்தார். நல்ல பிரதியைப் பெற்று, பார்வைக்கு டால்மேஷியனாகவே இருந்த அந்த வழி நாய்களை அமெரிக்கக் கென்னல் கிளப் உறுதியாக ஏற்றுக்கொள்ள 2011 வரை ஆனது. இடையில் வலியில் கழிந்த நாய்களை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு ஆறுவதில்லை. நார்வேயில் பஃபின் பறவை வேட்டைக்கு வளர்க்கப்பட்ட லுண்டேஹுண்ட் இனம் இதைவிட மோசமான நிலைக்குப் போனது. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் தொற்றுநோயில் மடிந்து, 1960களில் எஞ்சிய விரல்விட்டு எண்ணத்தக்க நாய்களிலிருந்து மீண்டதால், குடல் நோய் இனம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. இப்போது அங்கும் பிற வட ஐரோப்பிய இனங்களைக் கவனமாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கேள்வி: டிஎன்ஏ சோதனை எடுத்துவிட்டால் போதாதா?

போதாது. ஏற்கெனவே கண்டறியப்பட்ட பழுதுகளை மட்டுமே அது தேடும், அந்தப் பட்டியலும் பெரும்பாலும் மேலைநாட்டு இனங்களை வைத்து உருவானது.

கேள்வி: கட்டு அவிழ்ந்து, அண்ணனும் தங்கையும் சேர்ந்துவிட்டன. என்ன செய்வது?

உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தொடக்கத்திலேயே சினையைத் தடுக்க வழி உண்டு, கடைகளில் விற்கும் ஹார்மோன் ஊசியை நீங்களாகப் போட்டால் கருப்பையில் சீழ் பிடித்துப் பெட்டை இறக்கவும் கூடும். நாள் கடந்துவிட்டால் ஈனவிட்டு, பிறந்த குட்டிகளை நன்றாக வளருங்கள். பிறந்த எண்ணிக்கை, எடை, இறந்தவை, குறைகள் அனைத்தையும் ஒரு நோட்டில் தேதியுடன் எழுதுங்கள். பெற்றோர் யார் என்பதை மறைக்காமல் சொல்லி, குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்வதாக ஒப்புக்கொள்பவருக்கே கொடுங்கள். விலை வாங்காமல் கொடுப்பது நல்லது. ஆறு மாதத்தில் மறுபடி பெட்டை பருவத்துக்கு வரும், அதற்குள் இரண்டையும் வேறு வேறு இடத்தில் கட்ட ஏற்பாடு செய்துவிடுங்கள்.