பாய்மரப் படகுப் போட்டியில் முதலாவதாக வந்த என் அக்கா மகளுக்கு 'ஓசிஎஸ்' போட்டுவிட்டார்கள். இது நியாயமா? என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்ப் பாய்மரப் படகு ஓட்டும் பிள்ளைகள் குறைவு. அவர்களுக்கு விதியை விளக்கிச் சொல்ல ஆள் அதைவிடக் குறைவு. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் அக்கா மகள் முதலில் வந்து சேர்ந்தது உண்மையாகவே இருக்கட்டும். ஓசிஎஸ் (OCS) என்பது தொடக்கக் கோட்டை முன்கூட்டியே தாண்டியவருக்குப் போடும் குறியீடு. அதைப் போட்டால் அவள் போட்டியைத் தொடங்கவே இல்லை என்று கணக்கு. நோ-பாலில் ஸ்டம்ப் பறந்தாலும் பவுல்டு கிடையாதே, அதுபோல. தொடங்கும் சைகை விழுந்தபோது படகின் மூக்கு ஒரு சாண் கோட்டைத் தாண்டியிருந்தாலும் போதும். திரும்பி வந்து மறுபடி தொடங்கியாக வேண்டும். 2021 முதல் படகின் உடல் மட்டுமே கணக்கு. அதற்கு முன் ஆளும் பாயும்கூடச் சேர்த்தி. சிலர் இன்னும் அந்தப் பழைய விதியையே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கோடு எங்கே என்பதிலேயே பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலும் அது போட்டியை நடத்தும் கமிட்டியின் படகில் ஆரஞ்சுக் கொடி பறக்கும் கம்பத்திலிருந்து மறுமுனை மிதவை வரை. அந்தப் படகு காற்றை எதிர்த்து நங்கூரமிட்டு நிற்கும், கொடிக்கம்பம் நடுவிலோ பின்னாலோ இருக்கும். அதன் மூக்குக்கு நேராக வந்து நின்றால் ஏற்கெனவே தாண்டியாயிற்று.

அடுத்தது ஹாரன். தொடக்கத்துக்கு 5, 4, 1, 0 என்று நிமிடம் எண்ணும்போது கொடிதான் பேசும். ஹாரன் ஊதாவிட்டாலும் நேரம் மாறாது. ஆனால் கோடு தாண்டியவர்களைத் திரும்ப அழைக்கும் எக்ஸ் கொடி (வெள்ளையில் நீலச் சிலுவை) ஏறும்போது ஒரு ஹாரன் கட்டாயம். அதை ஊதவில்லை, கேட்கும் தூரத்தில் இருந்த பிள்ளை கொடியைப் பார்க்கவில்லை, தாண்டியதும் அவளுக்குத் தெரியாது என்றால் நிவாரணம் கேட்க, அதாவது முடிவைத் திருத்தக் கேட்க, உரிமை உண்டு. பாய்மரப் படகுப் போட்டிக்கான உலக அமைப்பு வேர்ல்ட் செய்லிங்கின் வழக்குத் தொகுப்பிலேயே இது இருக்கிறது. தாண்டியது தெரிந்தும் ஹாரன் இல்லையே என்று ஓட்டிக்கொண்டு போயிருந்தால் ஒன்றும் கிடைக்காது. எக்ஸ் கொடி அதிகபட்சம் 4 நிமிடம் நிற்கும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய கட்டாயம் கமிட்டிக்கு இல்லை.

"திரும்பித்தானே வந்தேன்" என்று பிள்ளை சொன்னால், தொடங்க 4 நிமிடம் இருக்கும்போது எந்தக் கொடி ஏறியது என்று கேளுங்கள். ஐ கொடி (மஞ்சளில் கறுப்பு வட்டம்) என்றால், கடைசி ஒரு நிமிடத்தில் தாண்டியவர் கோட்டின் நடுவே திரும்பினால் செல்லாது. ஏதாவது ஒரு முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். யூ கொடியோ கறுப்புக் கொடியோ என்றால் நேரே தகுதிநீக்கம். போட்டியை மறுபடி தொடங்கினால் யூ கொடியில் பிழைக்கலாம், கறுப்பில் முடியாது. ஆனால் அவற்றுக்குக் குறியீடு யூஎஃப்டி, பிஎஃப்டி. ஆக உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

முடிவுக் கோட்டில் மூக்கு தொட்டாலே போதும், முழுதாகக் கடக்க வேண்டியதில்லை. ஆனால் கோட்டை விட்டு விலகும் முன் மிதவையில் உரசினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி முடிக்க வேண்டும்.

நடத்துபவர்கள் எழுதித் தரும் அறிவுறுத்தல் போட்டிக்குப் போட்டி மாறும், அதில் வேறாக இருந்தால் அதுவே செல்லும். 'எங்கள் கிளப்பில் அப்படியில்லை' என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம்.

ஒரு ஆதங்கம். தொண்டிக் கரையில் மீனவர்கள் திருவிழாவுக்குப் பாய்மரப் போட்டி வைக்கிற நாடு இது. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக் போய் வந்தார். ஆனாலும் பலகையில் ஒட்டுவது மூன்று ஆங்கில எழுத்துதான். பெற்றோருக்கென்று தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? அர்த்தம் விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் முறையீட்டு நேரம் முடிந்துவிடுகிறது.

அந்த நேரம் அறிவுறுத்தலில் இருக்கும். அதற்குள் நிவாரண மனுவைப் பிள்ளை எழுத்தில் தர வேண்டும். எந்தப் போட்டி, எங்கே நின்றாள், ஹாரன் கேட்டதா, அருகில் இருந்த படகுகளின் பாய் எண் என்ன என்று. ஹாரன் ஊதியதா என்பதற்குப் பக்கத்துப் படகுப் பிள்ளைகளின் சாட்சி அங்கே உதவும். கோடு தாண்டியதா என்பதில் மட்டும் கோட்டைப் பார்த்து நின்ற கமிட்டிக்காரர் சொல்லுக்கே பொதுவாக எடை அதிகம்.