கற்பனை உலகப் படைகளுக்கு வரலாற்று மினியேச்சர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டில் கற்பனைப் படைகளுக்கு, வரலாற்று வீரர்களின் சிறு பொம்மைகளை (மினியேச்சர்) தாராளமாகப் பயன்படுத்தலாம். அந்தப் படை எப்படிச் சண்டை போடுகிறது என்று முதலில் பாருங்கள். உடை, நிறமெல்லாம் அப்புறம்.

ஈட்டியோடு பாயும் குதிரை வீரர்கள், இரும்பு வளையச் சட்டை என்றால் 1066-இல் இங்கிலாந்தின்மீது படையெடுத்த நார்மன் குதிரைப்படை நன்றாகப் பொருந்தும். சிக்கல் கேடயத்தில்தான். மேலே அகன்று கீழே கூராக முடியும் அந்த நீளக் கேடயம், பார்த்தவுடனே 'நார்மன்' என்று காட்டிக் கொடுத்துவிடும். அதை எடுத்துவிட்டு வட்டக் கேடயம் ஒட்டி, உங்கள் உலகத்தின் சின்னத்தை வரையுங்கள், ஆளே மாறிவிடுவார். தேய்ந்துவரும் பழைய பேரரசுக்கு, குதிரைக்கும் கவசம் மாட்டிய பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) வீரர்கள். குதிரை மேலிருந்து அம்பு விடும் நாடோடிகளுக்கு மங்கோலியர், வேறு யோசனையே வேண்டாம்.

பெட்டியில் பொம்மையின் அளவு 28 மி.மீ. என்று போட்டிருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் உயரமும் தலைப் பருமனும் மாறும். ஒரே அணிக்குள் கலக்காதீர்கள். தனித்தனி அணிகளாக நிறுத்தினால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

அரக்கர் படைக்கு மட்டும் இது லேசில் சரிவராது, உடல்வாகே வேறு. தலையை மட்டும் மாற்றி ஒட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு.