ஊசி போட்டதைக் குறிக்க மறந்தேன். டூட்டி மாறும்போது ஓவர் எடுக்கும் (என்னிடமிருந்து பொறுப்பை ஏற்கும்) சிஸ்டர் இப்போது என்னை நம்புவதில்லை. என்ன செய்யலாம்?

காலை 6 மணிக்கான ஆன்டிபயாட்டிக் ஊசியான செஃப்ட்ரியாக்சோனைப் போட்டுவிட்டுக் கேஸ் ஷீட்டில் குறிக்க மறந்தீர்கள். அடுத்து வந்தவர் மறுபடி போடப் போகையில் நோயாளியே தடுத்திருக்கிறார். அன்றிலிருந்து அந்த சிஸ்டர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறீர்கள்.

அவர் இடத்திலிருந்து பாருங்கள். இரண்டாவது டோஸ் போயிருந்தால் ஷீட்டில் இருப்பது அவர் கையெழுத்து மட்டும்தான். விளக்கமும் அவரிடம்தான் கேட்பார்கள். மன்னிப்பு அதைத் தொட வேண்டும்: "அக்கா, போட்டதும் நான், குறிக்காமல் விட்டதும் நான். நீங்க மாட்டியிருப்பீங்க." நேரில், தனியாக, இவ்வளவு போதும். வார்டில் ஆள் பற்றாக்குறை என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதை எழுத வேண்டிய இடம் சம்பவ அறிக்கை. அந்த அறிக்கையையும் நீங்களே எழுதி வார்டுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுங்கள். ஓவர் எடுத்த சிஸ்டர் முந்திக்கொண்டால் உங்கள் மறதி, மறைத்ததாகத்தான் தெரியும்.

ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வில், நன்றாக இயங்கிய வார்டுகளில்தான் மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே பயப்படாமல் சொல்ல முடிந்தது என்பதே அவர் தந்த விளக்கம்.

இனி வேலை முறை. மறதி பெரும்பாலும் ஒரே டிரேயில் நாலைந்து பேருக்கு மருந்து எடுத்துப் போய், 'எல்லாம் முடித்துவிட்டுக் குறிக்கலாம்' என்று நினைப்பதில்தான் தொடங்குகிறது. நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு. ஒரு நோயாளி, ஒரு டிரே. போட்டதும் கட்டிலருகிலேயே, போட்ட நேரத்தோடு கையெழுத்து. முன்கூட்டியே போடும் கையெழுத்து இதைவிட மோசம்: ஊசி ஏறாமல் கேனுலா (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) நழுவினாலும் ஷீட் 'கொடுத்தாச்சு' என்றே சொல்லும். விட்டுப்போனதைப் பிறகு எழுதினால், எழுதும் நேரத்தையும் கொடுத்த நேரத்தையும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஒயிட்னர் வேண்டவே வேண்டாம்.

ஓவரைக் கட்டிலருகில், ஷீட்டைத் திறந்து வைத்துக் கொடுங்கள். காலியாக இருக்கும் கட்டங்கள், ட்ரிப்ஸில் மீதி எவ்வளவு, கேனுலா போட்ட தேதி. முப்பது கட்டில் இருந்தால் எல்லாருக்கும் இப்படி முடியாது. அளவு தவறினால் ஆபத்தான இன்சுலின், ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுப்பது), பொட்டாசியம் போகிறவர்களுக்காவது கட்டாயம் செய்யுங்கள். மார்ஃபின் ஆம்பூல்களை இருவரும் எண்ணி இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஷீட்டில் கட்டம் காலியாக இருந்தால் டோஸ் கொடுக்கும் முன் முந்தைய டூட்டிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்பது, அவர் கிடைக்காவிட்டால் டாக்டரிடம் கேட்பது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டூட்டி முடிந்து ஒரு மணி நேரமாவது போனை எடுக்கத் தவறாதீர்கள். இழந்த நம்பிக்கையை மீட்க இதைவிடப் பயன்படுவது வேறில்லை என்பேன்.

சில வாரங்கள் அவர் உங்கள் வேலையை இரண்டாம் முறை சரிபார்ப்பார். முகம் சுளிக்காதீர்கள். இன்சுலின் அளவை நீங்களே போய்க் காட்டுங்கள்; எத்தனை யூனிட் என்பதை நீங்கள் சொல்லாமல் ஆர்டரைப் பார்த்து அவரே சொல்லட்டும். ஏதாவது சந்தேகம் வரும்போது இன்சார்ஜிடம் போகாமல் முதலில் உங்களைக் கூப்பிட ஆரம்பித்தாரென்றால், பழையபடி பேசத் தொடங்கலாம்.