மோடம் காலத்து இன்டர்நெட்: கேளுங்க, சொல்றேன்

தொண்ணூறுகளின் கடைசியில் தண்டையார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ராயபுரம், காசிமேடு வீடுகளுக்குப் போய் மோடம் மாட்டிக் கொடுத்ததும் உண்டு. டயல்-அப் (போன் லைன் வழி இன்டர்நெட்) பற்றி நம்ம ஏரியா ஆட்கள் கேட்டதற்கு இங்கே பதில்.

திவ்யா, ராயபுரம்: அண்ணா, மோடமே போன் போட்டு கனெக்ட் ஆயிடுதே, அப்புறம் பி.பி.பி.-ன்னு ஒரு விதிமுறை எதுக்கு?

மோடம் பிட்டை (0, 1) ஒலியாக்கும், ஒலியைப் பிட்டாக்கும், அவ்வளவுதான்மா. ஒரு பாக்கெட் (தகவல் துண்டு) எங்கே தொடங்குது, எங்கே முடியுது, நடுவில் கெட்டுப்போச்சா, நீ யார், இன்டர்நெட்டில் உன் ஐ.பி. முகவரி என்ன, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. பி.பி.பி. அதைத்தான் பேசி முடிக்கும். முதலில் அதன் எல்.சி.பி. என்ற பகுதி வந்து இரண்டு பக்கமும் விதிமுறையில் ஒத்துப்போகும். பிறகு பாஸ்வேர்டு சரிபார்ப்பு. கடைசியில் ஐ.பி.சி.பி. என்ற பகுதி முகவரி வாங்கித் தரும்.

இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். டெர்மினல் விண்டோவில் (எழுத்து மட்டும் ஓடும் திரை) பாஸ்வேர்டு அடித்ததும் ~ } # ! என்று கிறுக்கல் ஓடும். லைன் கெட்டுப்போச்சு என்று பல பேர் போனை வைத்துவிடுவார்கள். உண்மையில் அதுதான் நல்ல சேதி! பாக்கெட்டின் எல்லையைக் காட்டும் 7E (பதினாறடிமான எண்) என்ற பைட் திரையில் ~ ஆகத் தெரியும். எதிர்முனை பி.பி.பி. பேச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

பாஸ்கர், கொருக்குப்பேட்டை: ஸ்லிப்னு ஒண்ணு இருந்துச்சே?

இருந்தது, பி.பி.பி.-க்கு முந்தைய விதிமுறை. 1988-இல் ஆர்.எஃப்.சி. (இன்டர்நெட் விதிமுறை ஆவணம்) 1055 ஆக எழுதி வைத்தார்கள். பாக்கெட் முடிந்தால் 192 என்ற பைட்டை அனுப்பு, ஏறக்குறைய இதுதான் மொத்த விதியும். பிழை சோதனை கிடையாது, ஐ.பி. முகவரியை நாமேதான் அடிக்கணும். அதன் எளிமை எனக்கு இன்றும் பிடிக்கும், ஆனால் நம்ம ஊர் லைனுக்கு அது போதாது. 1994-இல் ஆர்.எஃப்.சி. 1661 வந்த பிறகு பி.பி.பி. நிலைத்துவிட்டது.

1995 ஆகஸ்ட் 15-இல் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்தபோது மாணவர்கள் வாங்கியது ஷெல் கணக்கு, வெறும் எழுத்துதான். படம் பார்க்கணும் என்றால் இந்த ஸ்லிப், பி.பி.பி. மாதிரி விதிமுறை ஓடும் டி.சி.பி./ஐ.பி. கணக்கு வேண்டும், விலை பல மடங்கு.

மும்தாஜ், வண்ணாரப்பேட்டை: பாஸ்வேர்டு பத்திரமா போகுமா?

பாப் என்ற சரிபார்ப்பு முறையில் அப்படியே வெளிப்படையாகப் போகும்மா. சாப் என்ற இன்னொரு முறையில் எதிர்முனை ஒரு புதிர் அனுப்பும். நம்ம கம்ப்யூட்டர் பாஸ்வேர்டோடு சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும்.

செல்வம், மண்ணடி: 56கே மோடம் வாங்கியும் அந்த வேகம் வந்ததே இல்ல, ஏன் சார்?

56கே (நொடிக்கு 56 ஆயிரம் பிட்) என்பது இறக்குவதற்கு மட்டும், வி.90 என்ற 56கே மோடம் தரத்தில் ஏற்றும் வேகம் 33.6கே தான். அதுவும் சர்வர் பக்கத்தில் டிஜிட்டலாகப் புறப்பட்ட சிக்னல், வரும் வழியில் ஒரே ஒரு முறைதான் அனலாக் ஆகலாம். உங்க மண்ணடியிலேயே ஒரு ஆபீசில் இரண்டு மோடம் மாற்றிப் பார்த்தார்கள், வேகம் ஏறவே இல்லை. போய்ப் பார்த்தால் மோடம் இன்டர்காம் பெட்டி வழியாகப் போகுது, அங்கே இன்னொரு முறை மாறுது. நேர் லைனில் சொருகியதும் 40கே-வைத் தாண்டியது.

ரவி, காசிமேடு: மழை வந்தா கட் ஆகும், ஞாபகம் இருக்கா அண்ணே?

மறக்க முடியுமா! கடல் காத்தில் இணைப்புப் பெட்டிக்குள் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும், அதில் ஈரமும் சேர்ந்தால் கரகரப்பு. மோடம்கள் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்க்கும், பிடிக்க முடியாதபோது விட்டுவிடும். கம்பியைச் சுரண்டி முறுக்கினால் பாதி வழக்கு தீர்ந்தது.

அருண், திருவொற்றியூர்: ஃபைபர் ரௌட்டர்லயும் பி.பி.பி.ஓ.ஈ. யூசர்நேம் கேக்குதே?

அதே பி.பி.பி. தான் தம்பி, இப்போது ஈதர்நெட் மேல் ஏறி வருது, 1999-இன் ஆர்.எஃப்.சி. 2516. பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் அதன் தலைப்பு (ஹெடர்) 8 பைட் எடுத்துக்கொள்வதால், ஈதர்நெட்டின் 1500 பைட்டில் 1492 தான் மிச்சம். சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றால், ரௌட்டரில் எம்.டி.யூ.-வை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1492 என்று வைத்துப் பாருங்க.